நேற்றைய கடனும் நாளைய ஊதியமும்

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து, செட்டியார் தெருவிலுள்ள நகைக்கடையொன்றின் பட்டறைக்கு முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் நடந்து செல்லும் பொற்கொல்லர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் கைபட்ட தாலிக்கொடிகளும் அட்டியல்களுமே அக்கடைக்குப் பெயர் தேடித் தந்தவை. வெள்ளவத்தையிலிருந்து கல்யாணக் காரியமாக வருவோர் வழியிலுள்ள கடைகளையெல்லாம் கடந்து அக்கடையை நாடி வந்தமைக்கு அவருடைய கைவண்ணமே காரணம். இப்போது அவருக்குக் கண்பார்வை குன்றிவிட்டது. கல் பதிக்கும்போது விரல் நடுங்குகிறது. முதலாளி என்ன செய்தல் முறையாகும்? முப்பது ஆண்டு உழைப்பை நினைந்து, இன்னும் பத்தாண்டுகளுக்கு முன்னையதிலும் உயர்ந்த கூலி தருவதாக எழுதிக் கொடுப்பதா? பார்வை குன்றிய மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிடுவதா? அன்றி, செய்யும் வேலைக்கு வேலையின் கூலியும், செய்த வேலைக்கு நன்றியின் கொடையும் என இரண்டையும் வெவ்வேறாகக் கணக்கிட்டுக் கொடுப்பதா?

மூன்றாவதே முறையென்று எவரும் தயக்கமின்றிக் கூறிவிடுவர். ஆயினும் பட்டறையை விட்டு விளையாட்டு மைதானத்துக்குள் நுழைந்ததும் அறிவுடையோரும் இத்தெளிவை இழந்துவிடுகின்றனர். அங்கு முதலிரு வழிகளே மாறி மாறிப் பின்பற்றப்படுகின்றன. முதுமையை நெருங்கும் நட்சத்திர வீரனுக்கு நீண்டகால, பெருந்தொகை ஒப்பந்தம் வழங்குவது சரியா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குக் கணக்காளரின் வினாவாகவே தோன்றும். உண்மையில் அது நன்றி, வாக்குறுதி, நீதி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதும் அறவியல் வினாவாகும்.

இவ்வினா மிகப் பெரிய தொகைகளோடு எழுவது அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்திலேயே. அல்பர்ட் புஹோல்ஸ் என்னும் வீரரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2001 முதல் 2011 வரை பதினோர் ஆண்டுகள் சென். லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்கு ஆடிய அவர், மும்முறை ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். பந்தை அடிக்கக் கிடைத்த ஆயிரம் வாய்ப்புகளில் 328 வாய்ப்புகளை வெற்றியாக்கும் விகிதம் அவருடையது. அவ்வாட்டத்தில் 300 ஐத் தாண்டுபவரே சிறந்தவராகக் கொள்ளப்படுவர். 2011 டிசம்பரில், தம் முப்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னர், லொஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் கழகத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தார். தொகை 24 கோடி டொலர். அது பங்கிடப்பட்ட முறையே சிந்தனைக்குரியது. முதலாண்டில் 1 கோடி 20 இலட்சம். பின்னர் ஆண்டுக்காண்டு ஏறிச் சென்று, நாற்பத்தோர் வயதாகும் இறுதியாண்டில் 3 கோடி. உடல் இறங்கும் படிகளிலே ஊதியம் ஏறுவதற்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் அது! ஏஞ்சல்ஸ் கழகத்தில் அவருடைய விகிதம் ஆயிரத்துக்கு 256 ஆக வீழ்ந்தது. அவர் அங்கிருந்த காலத்தில் அக்கழகம் ஒரேயொரு முறை, 2014 இல், இறுதிச் சுற்றுகளுக்குத் தெரிவாகி, ஓர் ஆட்டத்தையேனும் வெல்லாமல் வெளியேறியது. 2021 மே மாதத்தில், ஒப்பந்தம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கையிலேயே, கழகம் அவரை விடுவித்தது. ஊதியத்தை மட்டும் கொடுத்துத் தீரவேண்டியிருந்தது. அவ்வாட்டத்து ஒப்பந்தங்கள் ஆடினாலும் ஆடாவிடினும் கொடுபட வேண்டியவை.

இதைக் கேட்பவர் ஏஞ்சல்ஸ் கழகத்தாரை அறிவிலிகள் என்றும், புஹோல்ஸைப் பேராசைக்காரர் என்றும் எண்ணக்கூடும். இரண்டும் பிழை. பேஸ்போல் விதிகளின்படி, உயர்மட்டக் கழகமொன்றில் ஆடத் தொடங்கும் இளைஞன் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அக்கழகத்துக்கே கட்டுப்பட்டவன். அக்காலத்தில் தன் உழைப்புக்கு உரிய விலையைச் சந்தையிற் பேசும் சுதந்திரம் அவனுக்கில்லை. உடல் உச்சத்திலிருக்கும் இருபதுகளின் நடுப்பகுதி அவ்வாறே கழிகிறது. அவன் சுதந்திரம் பெறும்போது முப்பதை நெருங்கியிருப்பான். புஹோல்ஸ் தம் மிகச் சிறந்த ஆண்டுகளை ஆடிய ஒப்பந்தம், 2004 இலிருந்து ஏழாண்டுகளுக்கு 10 கோடி டொலர் மட்டுமே. நம்மவர்க்கு அதுவும் மலைப்பூட்டும் தொகையே. எனினும் அவர் ஈட்டிக் கொடுத்த வெற்றிகளோடு ஒப்பிடின் அது குறைந்த கூலி. ஆகவே 24 கோடியில் ஒரு பகுதி பிற்காலத்தில் வந்து சேர்ந்த நிலுவை எனலாம்.

ஆனால் அந்நிலுவையை யார் செலுத்தினர்? கடன்பட்டது சென். லூயிஸ், அடைத்தது ஏஞ்சல்ஸ். பொற்கொல்லரின் முப்பது ஆண்டு உழைப்பால் பயன்பெற்ற கடை ஒன்று, அவருக்குக் கொடை கொடுத்த கடை வேறொன்று. நன்றிக்கடனின் இயல்பே அது உரியவரால் உரியவருக்குச் செலுத்தப்படுதல். மூன்றாமவர் செலுத்தும்போது அது நன்றியாகாது. தவறான மதிப்பீட்டில் செய்த கொள்முதலாகவே முடியும். பின் மைதானத்தில் அவர் தடுமாறுகையில், கொடுத்தவருக்கு ஏமாற்றமும் பெற்றவருக்கு அவமானமுமே எஞ்சுகின்றன.

ஈண்டு வாக்குறுதி பற்றிய ஒரு நுட்பம் நோக்கற்பாலது. ஒப்பந்தத்தில் இரு தரப்பாரும் வாக்களிக்கின்றனர். கழகம் வாக்களிப்பது பணத்தை. பணம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் பணமே, ஆகையால் அவ்வாக்கைக் காப்பாற்ற இயலும். வீரன் வாக்களிப்பது எதனை? திறமையை என்று கூறின், அது அவனுடைய ஆளுகைக்குட்பட்ட பொருளன்று. முப்பத்தோர் வயதுக்காரன் நாற்பத்தோர் வயதுக்காரனுடைய முழங்காலையும் கண்ணொளியையும் பிணையாக வைக்க முடியாது. ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட், 1984 இல் வெளியான தம் நூலில், ஒரே மனிதனின் இன்றைய நிலைக்கும் நெடுங்காலத்துக்குப் பிந்திய நிலைக்கும் இடையிலான தொடர்பு நாம் எண்ணுமளவு இறுக்கமானதன்று என வாதித்தார். அவ்வளவு தூரம் செல்லாவிடினும், வீரன் நேர்மையாக வாக்களிக்கக்கூடியது முயற்சியை மட்டுமே என்பது தெளிவு: பயிற்சிக்கு வருவேன், உடலைப் பேணுவேன், கள்ளமின்றி ஆடுவேன் என்பவையே அவன் கொடுக்கக்கூடிய சொற்கள். அவற்றைக் காத்தவன், ஓட்டம் குறைந்தமைக்காக வாக்குத் தவறியவன் ஆகான். இத்தகையோரை நோக்கிப் பார்வையாளர் கூட்டம் ‘தண்டச் சம்பளம்’ என்று கூவுவது அறவியல் நோக்கில் அநீதியாகும். எதிர்காலத்தைத் தவறாகக் கணித்தவர் கழகத்தார். கல்லெறிபடுபவர் முதிய வீரர்.

பேஸ்போல் பற்றி இவ்வளவு போதும். நம் நாட்டில் எவருக்கும் பத்தாண்டு ஒப்பந்தம் இல்லை. தேசிய வீரர்களின் ஒப்பந்தங்கள் குறுகியவை, அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை. அதனால் இப்பிரச்சினை நமக்கில்லை என்று எண்ணினால், 2021 இல் நடந்ததை மறந்தவராவோம்.

அவ்வாண்டு ஸ்ரீ லங்கா கிரிக்கெட் நிறுவனம் வீரர்களின் ஊதியத்தைத் தீர்மானிக்கப் புதிய புள்ளித் திட்டமொன்றைக் கொண்டு வந்தது. அண்மைக்கால ஆட்டத்திறனும் உடற்தகுதியும் மட்டுமன்றித் தலைமைத்துவம், தொழிற்பண்பு, எதிர்கால வாய்ப்பு என்பவற்றுக்கும் அதில் புள்ளிகள் இருந்தன. எதிர்கால வாய்ப்பு என்னும் அந்தச் சொற்றொடரிலேயே மூத்தவரின் தலைவிதி எழுதப்பட்டிருந்தது எனலாம்; முப்பத்து நான்கு வயதுடையவனுக்கு இருபத்து நான்கு வயதுடையவனின் எதிர்காலம் எவ்வாறு வாய்க்கும்? அஞ்சலோ மத்தியூஸ், அப்போதைய டெஸ்ட் அணித் தலைவர் திமுத் கருணாரத்ன முதலிய மூத்த வீரர்களின் ஊதியம் குறைந்தது. புள்ளிகள் வழங்கிய முறை வெளிப்படையாக இல்லை என்று வீரர்கள் முறையிட்டுக் கையொப்பமிட மறுத்தனர். பிணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. மத்தியூஸ் ஓய்வு பெறுவது குறித்து ஆலோசிப்பதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தார்.

இங்கு ஒரு வேடிக்கை. ஊதியம் குறைக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, பல்லேகலையில் பங்களாதேசத்துக்கு எதிராகக் கருணாரத்ன 244 ஓட்டங்களும், அடுத்த போட்டியில் 118 ஓட்டங்களும் பெற்றிருந்தார். அக்காலத்தில் நிறுவனத்தின் கிரிக்கெட் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அரவிந்த டி சில்வா. 1965 இல் பிறந்த அவரே 2003 உலகக் கிண்ணப் போட்டிகளில் முப்பத்தேழு வயதில் நாட்டுக்காக ஆடியவர்! இன்னுமொன்று: 2021 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் டர்ஹமில், பெருந்தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளை மீறி வெளியே சென்று பின்னர் ஓராண்டுத் தடை பெற்ற மூவரும் இந்த மூத்தோர் வரிசையைச் சேர்ந்தவர்களல்லர், அணியின் எதிர்காலம் என்று பேசப்பட்ட தலைமுறையினர். தொழிற்பண்பு என்னும் பகுதிக்கு வழங்கப்பட்ட புள்ளிகள் பற்றி அதன்பின் எவரும் உரக்கப் பேசவில்லை.

2022 மே மாதத்தில் மத்தியூஸ் சட்டோகிராமில் 199 ஓட்டங்களும், டாக்காவில் ஆட்டமிழக்காமல் 145 ஓட்டங்களும் பெற்றார். அம்மாதத்தின் சிறந்த வீரராகச் சர்வதேச கிரிக்கெட் பேரவை அவரைத் தெரிவு செய்தது. அவ்வாண்டு ஜூலையிற் காலியில் தமது நூறாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். ஓய்வு பெற்றது 2025 ஜூனிலேயே. கருணாரத்ன அவ்வாண்டு பெப்ரவரியில், தமது நூறாவது போட்டியோடு விடைபெற்றார்.

இவ்விளைவுகளைக் காட்டி, நிறுவனத்தின் முடிவு பிழையென்று நிறுவிவிடலாமா? அவசரப்படலாகாது. 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் இரு தத்துவவாதிகள் ‘அறநெறியில் அதிர்ஷ்டம்’ பற்றி விவாதித்தனர். மனிதன் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விளைவுகளுக்காகப் புகழப்படுவதும் இகழப்படுவதும் எவ்வளவு பொருத்தமானது என்பதே அவ்விவாதம். மத்தியூஸின் பின்தொடைத் தசை 2022 இல் மீண்டும் கிழிந்திருந்தால், இன்று எல்லோரும் நிறுவனத்தின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டியிருப்பர். தீர்ப்பு, முடிவு செய்த நாளில் அறியக்கூடியதாக இருந்ததைக் கொண்டே வழங்கப்படல் வேண்டும். அந்நாளில் அறியக்கூடியதாக இருந்தது யாது? வேகப்பந்து வீச்சாளரின் முதுமை வேறு, சுழற்பந்து வீச்சாளரின் முதுமை வேறு, டெஸ்ட் துடுப்பாட்ட வீரரின் முதுமை வேறு என்பது அறியக்கூடியதாக இருந்தது. இங்கிலாந்து 2023 இல் தன் வீரர்கள் சிலருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் வழங்கியபோது, முப்பத்து மூன்று வயது வேகப்பந்து வீச்சாளரான மார்க் வூட்டும் அதில் இடம்பெற்றார். 2024 இல் முழங்கையும் 2025 இல் முழங்காலும் அவரை நெடுநாள் மைதானத்துக்கு வெளியே வைத்தன. வேகப்பந்து வீச்சாளரின் உடலுக்கு இது எதிர்பாராத விபத்தன்று.

மறுதலையாக, ரங்கன ஹேரத்தை எண்ணுக. 1999 இல் முதல் டெஸ்ட் ஆடிய அவர், அடுத்த பத்தாண்டுகளில் 14 போட்டிகளே ஆடி 36 விக்கெட்டுகளே பெற்றிருந்தார். முத்தையா முரளிதரன் இருந்தவரை அவருக்கு இடமேது! வங்கியொன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர், 2009 இல், முப்பத்தோர் வயதில் மீண்டும் அழைக்கப்பட்டார். 2018 நவம்பரிற் காலியில் விடைபெறும்போது அவருக்கு வயது நாற்பது, விக்கெட்டுகள் 433. எந்தப் புள்ளித் திட்டம் 2008 இல் அவருக்கு ‘எதிர்கால வாய்ப்பு’ என்னும் பத்தியில் ஒரு புள்ளியாவது வழங்கியிருக்கும்? வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்வது, புகழை மட்டும் அளவுகோலாகக் கொள்வதைப் போன்ற சோம்பலே. இரண்டும் ஆளைப் பாராமல் அட்டவணையைப் பார்ப்பவை.

ஏலச் சந்தை இதனைச் சிலவேளை நிறுவனங்களைவிட நன்றாக உணர்ந்திருக்கிறது. 2008 இல் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதலாவது ஏலத்தில் மும்பை அணி முப்பத்தெட்டு வயதுடைய சனத் ஜயசூரியவை 9 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு வாங்கியது. அப்பருவத்தில் அவர் 514 ஓட்டங்களைக் குவித்தார். 2011 ஏலத்தில் அவரை வாங்க ஒருவருமில்லை. மூன்றே ஆண்டுகளில் புகழ் குன்றவில்லை; விலை மட்டும் போயிற்று. சந்தைக்கு நன்றியுணர்வு இல்லை என்று இதனைக் குறைகூறலாம். ஆனால் நன்றி காட்டுவதாக அது ஒருபோதும் நடித்ததுமில்லை. அந்த அளவில் அது நேர்மையானது. 2018 இல் சென்னை அணி முப்பதுகளைக் கடந்தவர்களையே பெரும்பாலும் திரட்டிக்கொண்டு வந்தபோது ‘அப்பாமார் படை’ என்று கேலி செய்தோர் பலர். முப்பத்தாறு வயது ஷேன் வொட்சன் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் பெற, கிண்ணம் அவர்களுடையதாயிற்று. அதே அணி 2025 இல் பத்து அணிகளுள் இறுதியிடம் பெற்றது. அப்போது நாற்பத்து மூன்று வயதாகியிருந்த மகேந்திர சிங் தோனியின் நிலையோ விசித்திரமானது. ஐந்தாண்டுகளாகச் சர்வதேசப் போட்டிகளில் ஆடாத இந்திய வீரரை, நாட்டுக்கு ஒருபோதும் ஆடாத புதியவரோடு ஒரே பிரிவிற் சேர்க்கலாம் என்னும் பழைய விதி மீண்டும் நடைமுறைக்கு வந்ததால், முந்திய பருவங்களில் 12 கோடி ரூபா பெற்றவர் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். உலகக் கிண்ணம் வென்ற தலைவர் ஆவணத்தில் அறிமுகமற்றவரானார். மரியாதை குறையாமல் ஊதியம் மட்டும் குறைந்தது. சட்டத்தின் சூழ்ச்சிபோலத் தோன்றினும், இதனுள் ஒரு விவேகம் உண்டு. மஞ்சட் சட்டைக் கூட்டம் அவர்மேற் கொண்டிருந்த அன்பு ஊதியப் பட்டியலில் எழுதப்பட வேண்டிய பொருளன்று என்பதை அணியும் அவரும் ஒப்புக்கொண்டதாகவே அதனைக் கொள்ளலாம்.

திருக்குறளின் அமைப்பு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. நன்றியறிதல் பற்றிய அதிகாரம் அறத்துப்பாலில், இல்லறவியலில் வைக்கப்பட்டுள்ளது. ஒரு வினைக்கு உரியவனை ஆராய்ந்து தேர்தலும், தேர்ந்தவனிடம் அவ்வினையை ஒப்படைத்தலும் பற்றிய அதிகாரங்களாகிய தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்பன பொருட்பாலில், அரசியலில் உள்ளன. நன்றி இல்லத்தின் அறம். ஆளைத் தெரிதல் ஆட்சியின் கடமை. வள்ளுவர் இரண்டையும் போற்றினார். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கவில்லை. உறவினரைத் தழுவுதல் பற்றிய அதிகாரம் தெரிந்துவினையாடலை அடுத்தே வருகின்றது என்பதையும் ஒருவர் சுட்டிக்காட்டக்கூடும். ஆம், சுற்றந்தழால் அரசனுக்கும் வேண்டுமே. ஆனால் சுற்றத்தைத் தழுவுதல் வேறு, சுற்றத்தாரைத் தொடக்கத் துடுப்பாட்டத்துக்கு அனுப்புதல் வேறு.

தனியார் கழகத்துக்கும் தேசிய நிறுவனத்துக்குமிடையிலுள்ள வேறுபாடும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். ஏஞ்சல்ஸ் கழகத்தின் உரிமையாளர் தம் பணத்தைத் தாம் விரும்பியவாறு வாரி வழங்கினார், நட்டம் அவருடையது. ஸ்ரீ லங்கா கிரிக்கெட் நிறுவனத்தின் பணம் எவருடைய பரம்பரைச் சொத்துமன்று. அது நாட்டின் ஆட்டத்துக்குரியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கிழிந்த வலைகளில் பயிற்சி பெறும் பாடசாலைச் சிறுவனுக்கும் உரியது. கோயிற் சொத்தைப் பரிபாலிக்கும் தருமகர்த்தா, தம் சொந்த நன்றியுணர்வின் பேரில் உண்டியலைத் திறக்கலாகாது. அதே தருமகர்த்தா, கோயிலுக்கு முப்பது ஆண்டு நாதஸ்வரம் வாசித்தவரை மூச்சுக் குறைந்தவுடன் வெளிவீதியில் விட்டுவிடுதலும் தகாது. இரண்டாவது தவறும் முதலாவதைப் போலவே கோயிலின் பெயரைக் கெடுப்பது. 2021 இல் மூத்த வீரர்களைப் புண்படுத்தியது தொகை குறைந்தமை மட்டுமன்று என்றே தோன்றுகின்றது. ஏன் குறைந்தது என்பதை நேருக்கு நேர் விளக்காமல் எண்ணாக மாற்றிக் கொடுத்தமை அதனினும் வலித்திருக்கும்.

அவ்வாறாயின் நேற்றைய கடனைச் செலுத்துவது எங்ஙனம்? இதற்கு விடை காண நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தைக்குச் சென்றால் போதும். அங்கிருந்த நூற்பு நெசவு ஆலையில் வாழ்நாளைக் கழித்த தொழிலாளர் தலைமுறைகள் பல. ஆலைத் தொழிலாளிக்கு முதுமையில் எவரும் இரட்டிப்புக் கூலி எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், அவர் உழைக்கும் மாதத்திலேயே அவருடைய முதுமைக்கென ஒரு பங்கை ஒதுக்கச் செய்தது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் அதற்கு மேலும் ஒரு படி சென்றது: பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலிடத்தில் ஐந்தாண்டுகளேனும் சேவையாற்றிய மாதச் சம்பளக்காரர் விலகும்போது, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுபட வேண்டும். இது தயவன்று, கேட்டுப் பெறும் உரிமை. சேவைக்காலத்தின் அளவே கொடையின் அளவு. அடுத்த மாதம் அவர் எத்தனை முழம் துணி நெய்வார் என்னும் கேள்வி அங்கு எழுவதேயில்லை. நன்றியை இவ்வளவு தெளிவாகக் கூலியிலிருந்து பிரித்து வைத்த சட்டம், இந்நாட்டின் சாதாரணத் தொழிலாளிக்கு நாற்பதாண்டுகளுக்கு மேலாக உண்டு. ஆண்டுக்கொருமுறை புதிதாய்ப் பிறக்கும் கிரிக்கெட் ஒப்பந்தமோ, கடந்த சேவையை எண்ணிப் பார்ப்பதற்கென எழுதப்படுவதன்று. அதனாலேயே மூத்த வீரன் தன் பழைய உழைப்பின் மதிப்பை அடுத்த ஆண்டின் ஒப்பந்தத்துக்குள் தேடுகின்றான். அங்கு அது இல்லாதபோது அவமதிக்கப்பட்டதாக உணர்கின்றான்.

இந்தியக் கட்டுப்பாட்டுச் சபை 2004 முதல் முன்னாள் வீரர்களுக்கு மாதாந்த ஓய்வூதியம் வழங்கி வருகின்றது. 2022 இல் அதன் உயர்ந்த படி 50,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. புஹோல்ஸின் ஒப்பந்தத்தோடுகூட, ஓய்வுக்குப் பிந்திய பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 10 இலட்சம் டொலர் வீதம் தனியான சேவை ஒப்பந்தமொன்றும் இணைந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. நேற்றைய கடனுக்குத் தனிப் பெட்டி வைக்க இயலும் என்பதற்கு இவை சான்றுகள்.

பெருஞ்செல்வம் ஈட்டும் வீரனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே சட்டமா என்று வினவுவோர் உளர். ஏலத்தில் விலைபோகும் சிலரை மட்டும் எண்ணி எழுப்பும் வினா அது. ஒரு சில டெஸ்ட் போட்டிகளோடு நின்றுவிட்டவர், உள்நாட்டுக் கழகங்களுக்குப் பதினைந்து ஆண்டு பந்துவீசித் தோள்மூட்டுத் தேய்ந்தவர் ஆகியோரே பெரும்பான்மையினர். அத்துடன் இளமையிலேயே நியாயமான கூலி கிடைப்பின், முதுமையில் மிகையான கூலியைக் கேட்கும் தேவையும் குறையும். புஹோல்ஸுக்கு இருபத்தைந்து வயதில் உரிய விலை கிடைத்திருந்தால், முப்பத்திரண்டில் அத்தகைய ஒப்பந்தத்தை அவர் தேடியிருப்பாரா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. இளையவனிடம் மிச்சம் பிடித்து முதியவனிடம் வாரியிறைக்கும் முறை இருவருக்கும் தீங்கு செய்கிறது. மூத்தவரின் சம்பளத்தை நியாயப்படுத்துவதற்காகவே அவரை ஆடவிடுகையில், இருக்கையில் அமர்ந்திருக்கும் இளையவனின் இருபத்து மூன்றாவது வயது திரும்பி வருவதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத கெத்தாராம மைதானத்தில், 2011 மார்ச் 29 ஆம் திகதி, முரளிதரன் தாய்மண்ணில் தம் இறுதிப் பந்தை வீசினார். அது ஸ்கொட் ஸ்டைரிஸின் விக்கெட்டைப் பெற்றது. அதற்கு முந்திய ஜூலையிற் காலியில், இன்னும் எட்டு விக்கெட்டுகள் தேவையாயிருக்கையில் இதுவே தம் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்து, எட்டையும் பெற்று 800 உடன் நின்றவர் அவர். தம் முடிவைத் தாமே குறிக்கும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் 2011 ஏப்ரல் 2 ஆம் திகதி மும்பையில் நடந்த இறுதிப் போட்டியில், உடல் உபாதைகளோடு எட்டு ஓவர்கள் வீசிய அவருக்கு விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. அவரைச் சேர்த்தது நன்றியாலா, கணிப்பாலா? அத்தொடரில் அவர் 15 விக்கெட்டுகள் பெற்றிருந்தமையால், கணிப்பென்றே கூற இடமுண்டு. எந்தத் தேர்வாளரின் உள்ளத்திலும் இவ்விரண்டும் பாலும் நீரும் போலக் கலந்தே இருக்கும். பிரித்தறிய அன்னம் வேண்டும்.

முதியவரிடம் எஞ்சும் ஒன்று உண்டு. அதற்கு இன்னும் சரியான விலை எங்கும் குறிக்கப்படவில்லை. 2018 ஏலத்தில் லசித் மாலிங்கவை எவரும் வாங்கவில்லை. மும்பை அணி அவரைப் பந்துவீச்சு வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. அடுத்த ஏலத்தில் 2 கோடி ரூபாவுக்கு வீரராக மீண்டும் எடுத்தது. 2019 இறுதிப் போட்டியில், முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்களைக் கொடுத்திருந்த முப்பத்தைந்து வயதுக்காரரின் கையில், சென்னைக்கு ஒன்பது ஓட்டங்கள் தேவையாயிருந்த கடைசி ஓவர் கொடுக்கப்பட்டது. கடைசிப் பந்தில் வேகம் குறைந்த யோர்க்கர். மும்பை ஒரு ஓட்டத்தால் வென்றது. தோள் முதுமை எய்தியிருந்தது. எந்தப் பந்தை எப்போது வீசுவது என்னும் அறிவு முதுமை எய்தவில்லை.

செட்டியார் தெருவின் அந்தக் கற்பனைப் பட்டறையிலும் அவ்வாறே நிகழக்கூடும். பொற்கொல்லரின் கைக்கு இனிக் கல் பதிக்கும் வேலை வராது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பையன் ஊதுகுழலைப் பிடிக்கும் சாய்வைத் திருத்துவதற்கும், பற்றவைப்பு ஓடும் தருணத்தைச் சொல்வதற்கும் அவரைத்தான் அழைப்பர். அதற்குரிய கூலியைக் கணக்கேட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று முதலாளி யோசித்துக் கொண்டிருப்பார்.